அவருக்கா தாளம் நிற்கவில்லை?

போன ஞாயிற்றுக்கிழமை, கம்ப்யூட்டரில் பாட்டுக்குத் தாளப் பின்னணி, அதாவது பீட் செய்கிற தம்பி ஒருவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஊர்த் திருவிழாவுக்காக ஒரு முருகன் பாட்டு, காவடிச் சிந்து மெட்டு. பாடியிருப்பவர் அவன் ஊர்ப் பெரியவர். நாற்பது வருடமாக நையாண்டி மேளத்தோடு நின்று பாடுகிறவர். கோப்பைத் திறந்ததுமே தம்பி சொன்னான்: "குரல் நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா அவருக்குத் தாளம் நிக்கல. வரி வரியா இழுத்து உக்கார வச்சுக்கிட்டிருக்கேன். மூணு நாளாச்சு, இன்னும் ஒட்டல."

எனக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை. அவர் பாட்டை நம்பித்தான் காவடி எடுக்கிறவர்களின் கால் தரையில் விழுகிறது. திரையில் தட்டு விழும் இடத்தைக் காட்டும் நாலு கோட்டை வைத்துக்கொண்டு அவருக்குத் தாளம் நிற்கவில்லை என்று சொல்லிவிடுவதா?

வீட்டிலேயே ரெக்கார்டிங் செய்கிற பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள், அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் குரல் பீட்டோடு ஒட்டவில்லை என்றால் முதல் பழி பாடியவர் தலையில்தான் விழுகிறது. அது தப்பு. முதலில் சந்தேகப்பட வேண்டியது நம் கருவிகளை, அடுத்து நம் கண்ணை. பாடியவரிடம் கடைசியாகத்தான் போக வேண்டும்.

இழுக்காத முதல் டேக்கை, அதாவது அவர் பாடிய மூலப் பதிவைப் போடச் சொன்னேன். எல்லா எழுத்தும் பிந்தித்தான் விழுகிறது, உண்மைதான். ஆனால் எல்லாம் ஒரே அளவுக்குப் பிந்துகிறது. தாளம் நிற்காதவர் பாடினால் ஒரு வரி முந்தும், அடுத்தது பிந்தும், இன்னொன்று தற்செயலாகச் சரியாக வரும். நாலு நிமிடப் பாட்டு முழுக்க ஒரே இடைவெளியில் பிந்த வேண்டுமென்றால், பாடியவரின் தாளம் பாறை மாதிரி நின்றிருக்க வேண்டும்.

"எதுல பீட்டைக் கேட்டுப் பாடினாரு?"

"என் ப்ளூடூத் ஹெட்ஃபோன்லதாண்ணே."

அங்கேயே பாதி விளங்கிவிட்டது. அதே ஹெட்ஃபோனின் ஒரு காதை மைக்கின் வாயோடு ஒட்டவைத்து, தட்டுக்குத் தட்டு 'டிக்' என்று ஒலிக்கும் வெறும் க்ளிக்கை ஓடவிட்டு ரெக்கார்ட் செய்தோம். பெரிதாக்கிப் பார்த்தால், மூல க்ளிக்குக்கும் பதிவான க்ளிக்குக்கும் நடுவே ஏறக்குறைய 180 மில்லிவினாடி. பாட்டின் வேகம் 100 பிபிஎம், நிமிடத்துக்கு 100 தட்டு, அதாவது ஒரு தட்டுக்கு 600 மில்லிவினாடி. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தட்டு தாமதமாகத்தான் பீட் அவர் காதுக்கே போயிருக்கிறது. பாவம், அவர் காதில் விழுந்ததற்குச் சரியாகப் பாடியிருக்கிறார்.

வயர் ஹெட்ஃபோனிலும் தாமதம் இல்லாமல் இல்லை. கணினி ஒலியை வினாடிக்கு 48000 துளியாக (சாம்பிள்) வெட்டுகிறது என்றால், அதைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 1024 துளி என்று வைத்திருந்தால் ஒரு வழிக்கு மட்டும் 21 மில்லிவினாடி ஆகும். போகவும் வரவும் சேர்த்தால் இரண்டு மடங்கு. ஒலிக் கருவியை இயக்கும் டிரைவர் சொல்லும் கணக்கை வைத்து ரெக்கார்டிங் மென்பொருள் பதிவைத் தானே முன்னதாக நகர்த்தி இதைச் சரிசெய்துவிடும், ஆனால் அந்தக் கணக்கு எப்போதும் சரியாக இருக்காது. ஆடாசிட்டி என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் −130 மில்லிவினாடி என்று ஒரு மதிப்பு முன்கூட்டியே போட்டிருப்பார்கள். அது எல்லாக் கணினிக்கும் எப்படிப் பொருந்தும்? அதனால்தான் மைக்கில் ஹெட்ஃபோனை வைத்து அளக்கச் சொல்கிறேன். ஐந்து நிமிட வேலை.

சரி, குரல் டிராக்கை மொத்தமாக 180 மில்லிவினாடி முன்னதாக விழும்படி இழுத்தோம். பாட்டு உட்கார்ந்துவிட்டது. தம்பி முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனாலும் அவன் மூன்று நாள் இழுத்தது ஏன் ஒட்டவில்லை என்பது வேறு கதை, இன்னும் முக்கியமானது. அந்த மெட்டு திஸ்ர நடை. ஒரு தட்டுக்குள் த-கி-ட என்று மூன்று எழுத்து. 600-ஐ மூன்றாகப் பிரித்தால் எழுத்துகள் 0, 200, 400 என்ற இடங்களில் விழும். ப்ராஜெக்டில் இருந்ததோ தட்டை நான்காக வெட்டும் கோடுகள்: 0, 150, 300, 450. எழுத்தைக் கோட்டில் உட்கார வைக்கும் குவான்டைஸ் கட்டளை என்ன செய்யும்? பக்கத்துக் கோட்டுக்குத் தள்ளும். 200-இல் இருந்த 'கி' 150-க்குப் போய்விட்டது, 400-இல் இருந்த 'ட' 450-க்கு. சமமான மூன்று எழுத்து குட்டை, நெட்டை, குட்டை ஆகிவிட்டது. ஆட்டம் போட வைக்கும் பாட்டு நொண்ட ஆரம்பித்தது இதனால்தான். கோட்டைத் திஸ்ரத்துக்கு மாற்ற மவுஸை ஒரு தட்டு தட்டினால் போதும், ஆனால் பாட்டு எந்த நடை என்று காது முதலில் சொல்ல வேண்டும்.

அடுத்தது கண் செய்யும் ஏமாற்று. 'சரவணபவ' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் ஒலி அலைப் படத்தில் (வேவ்ஃபார்ம்) முதலில் மெல்லிய முடி மாதிரி ஒரு நீட்டு தெரியும், அது 'ச'வின் காற்று. அதற்குப் பிறகுதான் வயிறு புடைத்த மாதிரி 'அ' வரும். தம்பி முடியின் நுனியைக் கோட்டில் வைத்திருந்தான். கேட்டால் சொல் பிந்துகிறது. ஏனென்றால் நம் காது தாளத்தை எண்ணுவது உயிர் தொடங்கும் இடத்திலிருந்துதான். மெய் கொஞ்சம் முன்னாலேயே புறப்பட வேண்டும். 'கந்தா'வில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை, 'க' சட்டென்று வெடித்து உயிருக்கு வழிவிட்டுவிடும். மெய், உயிர் என்று பெயர் வைத்துப் பிரித்த மொழியில் பிறந்த நமக்கு இது தெரியாமல் போகலாமா? ஒரு சொல்லை நகர்த்தும்போது திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள், கண் குறுக்கே வராது.

இதெல்லாம் முடிந்த பிறகும் ஒரு இடம் தள்ளியே நின்றது. சரணத்தின் முதல் சொல் தட்டு விழுந்து ஒரு எழுத்து கழித்துத்தான் வருகிறது. "இதையாவது இழுத்துரவாண்ணே?" என்றான் தம்பி. நாலு சரணத்தையும் போட்டுக் காட்டினேன். நாலிலும் அதே இடம். 'த'வை மேளத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு 'கி'யில் எடுக்கிறார். கர்நாடக சங்கீதக்காரர்கள் இதை அனாகத எடுப்பு என்பார்கள். பெரியவருக்கு அந்தப் பெயர் தெரியுமோ என்னவோ, விஷயம் தெரியும். அதை இழுத்துக் கோட்டில் வைத்தால் சரணத்தின் துள்ளலே போய்விடும்.

நான் எடிட்டிங்குக்கு எதிரி இல்லை. கோரஸ் குரல்கள், ஒரே வரியை இரண்டு முறை பாடி அடுக்கும் டபுள்கள் இவற்றை நானும் நெருக்கமாகத்தான் பொருத்துகிறேன். இரண்டு குரலில் 'ட்' வெவ்வேறு நேரத்தில் முடிந்தால் ஆணி அடிக்கிற மாதிரி கேட்கும். நகர்த்தும்போது மூச்சு எடுக்கும் இடத்தில் வெட்டி, சொற்றொடரை முழுசாக நகர்த்தி, ஒட்டும் இடத்தில் ஒன்று மங்க மற்றது எழும்படி சின்னதாக ஒரு க்ராஸ்ஃபேடு போட்டுவிட்டால் போதும். எழுத்து எழுத்தாக நீட்டிச் சுருக்கினால் குரலில் ரப்பர் வாசம் வந்துவிடும்.

அப்புறம் இணையத்திலிருந்து இறக்கிய பீட். அதன் வேகம் 93 ஆக இருந்து நீங்கள் ப்ராஜெக்டை 92 என்று வைத்திருந்தால், மூன்று நிமிடத்தில் கோடும் பீட்டும் இரண்டு வினாடி அளவுக்குப் பிரிந்துபோயிருக்கும். அந்தக் கோட்டுக்குப் பாட்டை இழுப்பதில் என்ன பிரயோஜனம்? ஆகவே முதலில் பீட்டே கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள்.

தம்பி வயர் ஹெட்ஃபோன் வாங்கிவிட்டான். அடுத்த பாட்டுக்கு க்ளிக்கே வேண்டாம் என்று பேசி வைத்திருக்கிறோம். பெரியவரும் தவில்காரரும் அவர்கள் பாட்டுக்குப் பாடி வாசிக்கட்டும், அவர்கள் போன வேகத்தைத் தட்டுத் தட்டாகக் குறித்து, ப்ராஜெக்டின் கோடுகளை அதன்மேல் போடப் போகிறோம். பீட் அதற்குப் பிறகுதான்.