சாம்பல் பூத்தால் பேப்பர்தான் பழுது என்றில்லை

இருட்டறையில் போட்டோ பேப்பரில் படம் போடுறதைப் பற்றி, “சிவப்பு பல்ப் எதுவென்றாலும் பிரச்சினையில்லை, வெள்ளை ஓரம் சாம்பலானால் பேப்பர் பழசு” என்று தம்பி மேலே எழுதினது பாதிதான் சரி. மல்டிகிரேட் பேப்பர் (ஒளியின் நிறத்தை மாற்றிக் கான்ட்ராஸ்டைக் கூட்டிக் குறைக்கக்கூடியது) நீலத்தோடு பச்சை ஒளியையும் பிடிக்கும். சாயம் பூசின சாதாரண பல்பில் அந்த ஒளி கசியலாம்.

பேப்பரை எறிய முதல், கும்மிருட்டில் ஒரு தாளை இரண்டாகக் கிழியுங்கோ. ஒன்று நேரே பிக்சருக்குள் (fixer, படத்தை நிலைநிறுத்தும் கரைசல்). மற்றது டெவலப்பரில் (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) முழு நேரமும் கிடந்து, பிறகு பிக்சர். இரண்டும் ஒரே வெள்ளையென்றால் பேப்பரில் பிழையில்லை. லைற்றையும் கதவு இடுக்கையும் பாருங்கோ. இரண்டாவது மட்டும் சாம்பலாய் மங்கினால் பழசு, வெக்கை, இல்லாட்டி முந்தியே வெளிச்சம் பட்டிருக்கும். கிளிநொச்சி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்து நானே ஒரு பெட்டியைக் கெடுத்தனான். பழசான பேப்பருக்கு டெவலப்பரில் கொஞ்சம் பென்சோட்ரையசோல் (இந்தச் சாம்பலைக் குறைக்கும் இரசாயனம்) விட்டால் ஓரளவு தெளியும், ஆனால் எக்ஸ்போஷர் (பேப்பரில் ஒளி படவிடும் அளவு) கூடக் கொடுக்கவேணும்.