இன்வென்டர் வேற, ஓனர் வேற
பெங்களூரு இன்ஜினியர்ஸ் பேர்ல இவ்ளோ கார் சென்சார் பேடன்ட் (காப்புரிமை) இருக்கு, டெக்னாலஜியே நம்ம கைக்கு வந்துடுச்சுன்னு கட்டுரையில போட்டிருக்கீங்களே, அங்கதான் இடிக்குது. நான் எலக்ட்ரானிக் சிட்டியில பார்க்கிங் சென்சார் டீம்ல இருக்கேன், இன்வென்டர்னு போட்ட இடத்துல எங்க பேர் வரும், அப்ளிகன்ட்னு, அதாவது உரிமை கேட்டு விண்ணப்பிச்சவங்கன்னு போட்ட இடத்துல வெளிநாட்டு தாய் கம்பெனி பேர்தான், வேலைக்கு சேரும்போதே அதுக்கெல்லாம் கையெழுத்து போட்டுக் குடுத்தாச்சு, அப்புறம் லைசன்ஸ் காசு யாருக்குப் போகும்னு தனியா சொல்லணுமா என்ன. மேல கமென்ட்ல ஒருத்தர் பேடன்ட் வாங்கினதை 20 வருஷத்துக்கு யாரும் தொட முடியாதுன்னு எழுதியிருக்கார், அது உச்சபட்சம்ங்க, ரின்யூவல் ஃபீஸ் கட்டாம விட்டா நடுவுலயே காலாவதி ஆயிடும், அப்படிப் போனதையும் சேர்த்து எண்ணினா நம்பர் பெருசாத்தான் தெரியும். பேடன்ட் ஆபீஸ் சைட்ல ஸ்டேட்டஸ் ஃப்ரீயாவே பாக்கலாம், அப்படியே ஃபார்ம் 27 இருக்கான்னும் பாருங்க, அந்த கண்டுபிடிப்பை இந்தியாவுல உபயோகப்படுத்துறாங்களா இல்லையான்னு அதுலதான் சொல்லியாகணும், முன்னாடி வருஷா வருஷம் குடுக்கணும், 2024 ரூல்ஸ் வந்தப்புறம் 3 வருஷத்துக்கு ஒரு தடவைன்னு ஆக்கிட்டாங்க, எனக்கென்னவோ அது கம்பெனிக்காரங்களுக்குத்தான் வசதி. பேடன்ட் இருந்தா ஜேசி ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள்ல ஆக்சிஜன் சென்சார் (புகையில இருக்கற ஆக்சிஜனை அளக்கறது) எப்படி ஏகப்பட்ட பிராண்ட்ல கிடைக்குதுன்னு கேக்காதீங்க, பாஷ் தயாரிச்ச அந்த சென்சார் வால்வோ கார்ல வந்ததே 1976ல, அடிப்படை பேடன்ட் எல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சு.