90 நாள் ரிப்போர்ட்டைத் திட்டுகிறவர்களுக்கு

தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் வெளிநாட்டுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் இமிகிரேஷனில் வந்துதான் நிற்கும். அதிலும் முக்கால்வாசி 90 நாள் ரிப்போர்ட்டைத் திட்டுவதாகவே இருக்கும். "நாங்கள் என்ன ஜாமீனில் வந்த கைதிகளா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஜராக?" என்பார்கள். நானும் இங்கே அதே ரிட்டையர்மென்ட் எக்ஸ்டென்ஷனில், அதாவது ஓய்வுபெற்றவர்கள் ஆண்டுதோறும் நீட்டித்துக்கொள்ளும் தங்கும் அனுமதியில், இருப்பவன்தான். இந்தக் கைதிப் பேச்சு எனக்கு ஒட்டவில்லை. அதற்காக எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

90 நாள் விவகாரம் 1979ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டத்தின் 37ஆவது பிரிவில் வருகிறது. தற்காலிக அனுமதியில் இருப்பவர் தொடர்ந்து 90 நாள் தங்கினால், எங்கே இருக்கிறார் என்று எழுதித் தெரிவிக்க வேண்டும்; பிறகு ஒவ்வொரு 90 நாளுக்கும் அதேபோல. டிஎம்47 என்று ஒரு படிவம். நேரில் என்றால் கெடுவுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை கொடுக்கலாம். தபாலில் அனுப்பலாம், வேறு ஆளை அனுப்பலாம், ஆன்லைனிலும் போடலாம். நடுவில் வெளிநாடு போய் வந்தால் கணக்கு முதலிலிருந்து ஓடும். கட்டணம் கிடையாது, மறந்துபோனால் 2,000 பாத் அபராதம். நேரில் கொடுத்தால், அடுத்த கெடு தேதி போட்ட ஒரு துண்டுச் சீட்டை பாஸ்போர்ட்டில் ஸ்டேப்ளர் அடித்துத் தருவார்கள். இதைப் போய் கொடுமை என்றால் கேட்கிறவன் சிரிப்பான். நம் ஊரிலும் வெளிநாட்டுக்காரரை வீட்டில் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்?

புதிதாக வருகிறவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். 90 நாள் ரிப்போர்ட் போட்டதால் தங்கும் அனுமதி நீளாது. அதற்கு ஆண்டுக்கொருமுறை 1,900 பாத் கட்டி எக்ஸ்டென்ஷன் வாங்க வேண்டும். உண்மையான பரீட்சை அதுதான். வயது 50 ஆகியிருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாத், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம், அல்லது இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 8 லட்சம் காட்ட வேண்டும். வங்கியில் வைப்பதாக இருந்தால் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்து, கிடைத்தபின் மூன்று மாதம்வரை அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. அப்புறமும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. விண்ணப்பிக்கும் நாள் காலையில் வங்கி வாசலைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். பாஸ்புக்கில் அன்றைய தேதியில் ஒரு வரி விழவேண்டும் என்பதற்காக, கணக்கில் லட்சக்கணக்கில் வைத்திருக்கும் பெரியவர் மெஷினில் நூறு பாத் போட்டு என்ட்ரி அடித்துக்கொண்டு நிற்பார். அதன் பிறகு ஜெராக்ஸ் கடை, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. ஆனாலும் இதைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். தன் நாட்டில் வந்து தங்குகிறவன் கையில் சாப்பாட்டுக்குக் காசு இருக்கிறதா என்று ஒரு அரசாங்கம் பார்ப்பது நியாயம்தான்.

நியாயமே இல்லாதது டிஎம்30.

அதே சட்டத்தின் 38ஆவது பிரிவு, வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரரோ ஹோட்டல்காரரோ 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்கிறது. அதற்கான படிவம்தான் டிஎம்30. கடமை யாருடையது? வீட்டுக்காரருடையது. அபராதமும் அவருக்குத்தான். ஆனால் கவுன்டரில் நடப்பதைப் பாருங்கள். எக்ஸ்டென்ஷனுக்குப் போகிறவரிடம் "டிஎம்30 ரசீது எங்கே?" என்று கேட்பார்கள். இல்லையென்றால் வாடகைக்கு இருப்பவரின் வேலைதான் நிற்கும். வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாது.

என் பழைய வீட்டு ஓனரம்மா நல்ல மனுஷி. குழாய் ஒழுகினால் அன்றைக்கே ஆள் அனுப்புவார். டிஎம்30 என்றதும் மட்டும் முகம் மாறிவிடும். வாடகை வருமானம் அரசாங்கத்தின் கண்ணில் படும், பின்னாலேயே வரி வரும் என்ற பயம். அவர் பயத்துக்கு நான் எத்தனை நாள் நயந்து பேசுவது? "நானே போட்டுக்கொள்கிறேன், வீட்டுப் பதிவுப் புத்தகத்தின் நகல் மட்டும் கொடுங்கள்" என்று கேட்டேன். அதற்கும் மழுப்பல். கடைசியில் வீட்டையே மாற்றினேன். சில அலுவலகங்களில் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் குடியிருப்பவரே போட்டுக்கொள்ள விடுகிறார்கள். சில இடங்களில் முடியாது என்கிறார்கள். ஒரே சட்டம், கவுன்டருக்குக் கவுன்டர் வேறு வேறு அர்த்தம்.

2019இல் இந்த விதியை இறுக்கிப் பிடித்தபோது, வெளியூர் போய் இரண்டு நாள் தங்கித் திரும்பியவர்கள்கூட மறுபடி பதியவேண்டும் என்று அலைந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. 2020இல் தளர்த்தினார்கள்: ஏற்கெனவே பதிவான அதே முகவரிக்குத் திரும்பினால் மறுபடி வேண்டாம். அந்த அளவுக்கு இறங்கி வந்தவர்கள், பொறுப்பு யார் தலையில் என்பதை மட்டும் தொடவேயில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2022இல் எல்டிஆர் என்று பத்தாண்டு விசா ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஓய்வுபெற்றவர் அதில் சேர, உழைக்காமல் வரும் வருமானம் ஆண்டுக்கு 80,000 டாலர் வேண்டும். குறைந்தால் முதலீடு காட்ட வேண்டும். அவர்களுக்கு 90 நாள் ரிப்போர்ட் இல்லை, ஆண்டுக்கு ஒன்று போதும். பாதுகாப்புக்காகத்தான் 90 நாள் கணக்கு என்றால், பென்ஷன் பெரிதாக இருப்பவர் மட்டும் எப்படி ஆபத்தில்லாதவர் ஆனார்? ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரிதானே இது?

அதனால் நான் கேட்பது சின்ன மாற்றம். எக்ஸ்டென்ஷன் போடும்போது முகவரியை எப்படியும் சரிபார்க்கிறார்கள். முகவரி மாறாதவருக்கு அதையே அந்த ஆண்டின் ரிப்போர்ட்டாக எடுத்துக்கொள்ளட்டும். வீடு மாறினால் 24 மணி நேரத்தில் சொல்ல வேண்டும் என்பது 37ஆவது பிரிவில் ஏற்கெனவே இருக்கிறது. டிஎம்30ஐ, ஒப்பந்தம் கையில் வைத்திருப்பவரே எல்லா அலுவலகத்திலும் போடலாம் என்று ஒரே உத்தரவு வரட்டும்.

அது வரும்வரை, இங்கே வீடு பார்க்கிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே "டிஎம்30 போட்டுத் தருவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். இழுத்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.