ஒரு மைக்ரோஸ்கோப், ஓர் இருட்டறை, ஆயாவுக்குச் சம்பளம்

எம்.எஸ்சி. படிக்கும்போது எங்களுக்கு ஒரு பிராக்டிகல் உண்டு. செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் குச்சிகள்தான் குரோமோசோம். அவற்றின் போட்டோவை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொரு தாள் கொடுப்பார்கள். மொத்தம் 46 துண்டுகள். ஒவ்வொன்றாகக் கத்தரித்து, ஜோடி சேர்த்து, பெரியதிலிருந்து சிறியது வரை ரெக்கார்டில் வரிசையாக ஒட்ட வேண்டும். ஏப்ரல் வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது. ஃபேன் போட்டால் 21-ஆம் நம்பர் பறந்துவிடும். நகத்துணுக்கு அளவுதான் இருக்கும் அது. ஒருமுறை மேசைக்கடியில் அரைமணி நேரம் தவழ்ந்து தேடினேன். கடைசியில் பக்கத்தில் இருந்த தோழியின் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டிருந்தது. (தோழியை நினைவில் வையுங்கள், மறுபடியும் வருவாள்.)

இதே வேலையை சிகாகோவில் ஓர் அம்மா தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்துகொண்டிருந்தார். ஜேனட் ரவுலி. மேசையில் போட்டோக்களைப் பரப்பிவிட்டால் யாரும் தும்மக்கூடாது என்பது வீட்டு உத்தரவு. அம்மா காகிதப் பொம்மை வெட்டி விளையாடுகிறாள் என்று பிள்ளைகளுக்குக் கிண்டல். அந்தப் பொம்மைகளில் இருந்துதான், புற்றுநோய்க்கு மரபணுக் காரணம் உண்டு என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி கிடைத்தது.

மகளிர் தினம் வந்தால் போதும், 'நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே சாதித்த விஞ்ஞானி' என்று இவர் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். அந்த வாக்கியத்தில் ஓர் ஆள் விடுபட்டிருக்கிறார். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கொஞ்சம் முன்கதை. ரவுலி 1925-இல் பிறந்தவர். 15 வயதிலேயே சிகாகோ பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தவர். மருத்துவம் படிக்க இடம் கேட்டபோது 65 பேர் வகுப்பில் பெண்களுக்கு 3 இடம்தான், அதுவும் நிரம்பிவிட்டது என்றார்கள். ஒன்பது மாதம் காத்திருந்து சேர்ந்தார். 1948-இல் பட்டம், மறுநாளே கல்யாணம். அப்புறம் வரிசையாக நான்கு பையன்கள். வாரத்தில் சில நாள் மட்டும் கிளினிக் வேலை. அதில் ஒன்று டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கான கிளினிக். 1959-இல் பிரான்சில், அந்தக் குழந்தைகளுக்கு 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ரவுலிக்குக் குரோமோசோம் பைத்தியம் பிடித்தது அங்கேதான்.

1961-இல் கணவருக்கு இங்கிலாந்தில் ஒரு வருடம் ஆராய்ச்சி விடுப்பு. குடும்பத்தோடு ஆக்ஸ்ஃபோர்டு போனார்கள். அங்கே இவரும் குரோமோசோம் பார்க்கக் கற்றுக்கொண்டார். ஊருக்குத் திரும்பியதும், ஆரம்பித்த வேலை பாதியில் நிற்கிறது. வயது 37.

அப்போது அவர் போய் நின்றது லியான் ஜேக்கப்சன் முன்னால். ரத்தநோய் நிபுணர், ரவுலிக்குப் பாடம் எடுத்தவர். நான் சொன்ன விடுபட்ட ஆள் இவர்தான். ரவுலி கேட்டது இவ்வளவுதான்: பகுதிநேர வேலை, ஒரு மைக்ரோஸ்கோப், ஓர் இருட்டறை. கூடவே ஒரு சம்பளம், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் கொடுக்கும் அளவுக்கு. ஜேக்கப்சன் சரி என்றார். வருடத்துக்கு 5,000 டாலர்.

அதற்குப் பிறகு பத்து வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். வாரம் மூன்று நாள் வருவார், லுக்கீமியா, அதாவது ரத்தப் புற்றுநோய், நோயாளிகளின் செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார், வீட்டுக்குப் போவார். அப்போதைய சாயத்தில் குரோமோசோம்கள் எல்லாம் ஒரே நிறக் குச்சிகளாகத் தெரியும். எது 8, எது 9 என்று அடித்துச் சொல்ல முடியாது. குழப்பம்தான் மிஞ்சும். ஜேக்கப்சன் 'என்ன ஆச்சு?' என்று கழுத்தைப் பிடிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இரு என்று லுக்கீமியா செல்களின் பக்கம் திருப்பிவிட்டவரே அவர்தான்.

1970-இல் மறுபடியும் ஆக்ஸ்ஃபோர்டு. அதற்குள் குயினாக்ரின் என்று ஒரு சாயம் புழக்கத்துக்கு வந்திருந்தது. மலேரியாவுக்குக் கொடுத்த அதே மருந்துதான். அதைப் போட்டு இருட்டறையில் பார்த்தால் ஒவ்வொரு குரோமோசோமிலும் வரிவரியாக வெளிச்சம் தெரியும். அணிலுக்கு அணில் கோடு வேறு மாதிரி இருந்தால் எப்படி அடையாளம் சொல்வோமோ, அப்படி. 1972-இல் சாப்பாட்டு மேசையில், ஒருவகைத் தீவிர ரத்தப் புற்றுநோயில் 8-உம் 21-உம் துண்டு மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டார். அந்தக் கட்டுரையைப் பெரிய அமெரிக்க இதழ் ஒன்று திருப்பி அனுப்பியது. பிரெஞ்சு இதழ் ஒன்றில் வந்தது.

அடுத்தது சி.எம்.எல். என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். அந்த நோயாளிகளின் 22-ஆம் குரோமோசோம் குட்டையாக இருக்கும் என்பது 1960-இலேயே தெரியும். பிலடெல்பியாவில் கண்டுபிடித்ததால் அந்த ஊர்ப் பெயரே அதற்கு நின்றுவிட்டது. உடைந்த துண்டு தொலைந்துபோனது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ரவுலி வரிகளை ஒப்பிட்டுக்கொண்டே போனார். அதே செல்லில் 9-ஆம் குரோமோசோமின் நுனியில் கொஞ்சம் அதிகப்படியாக ஏதோ தொங்குகிறது. துண்டு தொலையவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது! 1973-இல் நேச்சர் இதழில் வந்தது. அப்போது அவருக்கு 48 வயது.

1977-இல் இன்னொன்று: 15-உம் 17-உம். அந்த வகை ரத்தப் புற்றுநோய்க்கு இன்று வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவத்தையும் ஆர்செனிக்கையும் கொடுக்கிறார்கள், பெரும்பாலோர் குணமாகிறார்கள். ஆர்செனிக் என்றால் வேறொன்றும் இல்லை, நம் ஊர்க் கதைகளில் பாலில் கலந்து கொடுப்பார்களே, அந்த வெள்ளைப் பாஷாணம்.

9-22 இடமாற்றத்தின் மிச்சத்தை எண்பதுகளில் மற்றவர்கள் அவிழ்த்தார்கள். இரண்டு மரபணுக்கள் முறிந்த இடத்தில் ஒட்டி, சுவிட்சை அணைக்கவே முடியாத ஒரு புரதத்தை உண்டாக்குகின்றன. அதை அடைக்கும் மாத்திரைதான் இமாட்டினிப். 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உயில் எழுதிவைத்துவிட வேண்டிய நோய், தினம் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் நோயாக மாறியது.

இங்கே நம் ஊரும் கதைக்குள் வருகிறது. அந்த மாத்திரைக்கு அதைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006-இல் முதலில் மறுத்தது சென்னை காப்புரிமை அலுவலகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று நிறுவனம் தோற்றது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் ஆன மருந்தை இந்திய நிறுவனங்கள் பத்தாயிரத்துக்குள் கொடுக்க வழி நிலைத்தது. அதே வருடம் டிசம்பரில் ரவுலி சினைப்பைப் புற்றுநோயால் இறந்தார். 88 வயது.

சரி, இப்போது தோழி. பி.எச்டி. முடித்தவள், இரண்டு குழந்தைகள், ஐந்து வருட இடைவெளி. ஒரு நிறுவனத்தில் நேர்காணல். "இந்த அஞ்சு வருஷம் என்ன பண்ணீங்க?" "பிள்ளை வளர்த்தேன் சார்." "அது சரிம்மா, ஆராய்ச்சிப் பேப்பர்?" வாரம் மூன்று நாள் வரலாமா என்று கேட்டிருக்கிறாள். எதிரே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்களாம். இடைவெளி விட்ட பெண்களுக்கென்று அரசுத் திட்டம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. மூன்று வருடம் பணம் வரும். நான்காவது வருடம்?

ரவுலிக்கு வசதி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கணவர் அதே பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த நோயியல் நிபுணர். அவர் சம்பளத்தில் வீடு ஓடியது. அது இல்லாதவளுக்கு ஜேக்கப்சன் கிடைத்தாலும் போதாது. ஆனால் வசதி உள்ளவளுக்கே இங்கே ஜேக்கப்சன் கிடைக்கவில்லை. திறமைசாலிப் பெண்கள் நம்மிடம் குறைவில்லை, எந்தக் கல்லூரி உயிரியல் வகுப்பிலும் தலையை எண்ணிப் பாருங்கள். பத்து வருடம் முடிவு கேட்காமல் ஒரு மைக்ரோஸ்கோப்பை விட்டுவைக்கும் துறைத்தலைவர் எத்தனை பேர்? விருது கொடுப்பதென்றால் நான் அந்த நாற்காலிக்குத்தான் கொடுப்பேன்.

தோழி இப்போது ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். கத்தரிக்கோல் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டரில் மவுசால் இழுத்து வைப்பதுதான். 9-க்குச் சிவப்பு, 22-க்குப் பச்சை ஒளிச்சாயம் போடுவார்கள். இரண்டும் ஒட்டியிருந்தால் மஞ்சளாக ஒரு புள்ளி தெரியும். 200 செல் எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நேற்று ராத்திரி பேசினாள். மதியத்துக்குள் இரண்டு ரிப்போர்ட் மஞ்சளாம், ஒன்று கல்லூரிப் பையனுடையது. "மாத்திரை இருக்குடி, ஒண்ணும் ஆகாது" என்று, நான் கேட்காமலேயே சொன்னாள்.