கெட்டிமேளமும் ஒரு மோட்டாரும்

(கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கூடத்தில் பெரியப்பா தம்முடைய நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமராவின் அடியில், ஃபிலிமைத் தானாகச் சுற்றிவிடும் எம்டி-12 மோட்டாரைத் திருகிப் பூட்டிக்கொண்டிருக்கிறார். கல்யாணப் பெண் கயல்விழி எதிரே வந்து உட்காருகிறாள்.)

கயல்விழி: பெரியப்பா, என் கல்யாணத்துக்கு நீங்கள் ஃபிலிமில் படம் எடுப்பதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அந்த மோட்டாருக்கு நாங்கள் பத்திரிகை வைக்கவில்லை.

பெரியப்பா: மாப்பிள்ளையை அழைத்துவிட்டு மாப்பிள்ளைத் தோழனை வாசலில் நிறுத்துவார்களா, அம்மா?

கயல்விழி: தோழன் வாயை மூடிக்கொண்டு நிற்பான். போன மாதம் தொட்டிலிடும் விழாவில், பாட்டி ஒரு மணி நேரம் தாலாட்டித் தூங்கவைத்த குழந்தையை உங்கள் மோட்டார் ஒரே உறுமலில் எழுப்பிவிட்டது.

பெரியப்பா: அந்தப் படங்களைப் பார்த்தாயா? முதல் படத்தில் குழந்தை தூங்குகிறது, இரண்டாவதில் கண் விழிக்கிறது, மூன்றாவதில் அழுகிறது, நான்காவதில் பாட்டி என்னைப் பார்க்கிறார். கையால் ஃபிலிம் சுற்றுகிறவனுக்கு இப்படி ஒரு வரிசை ஏழு பிறவிக்கும் கிடைக்காது.

கயல்விழி: பாட்டி இன்னமும் உங்களை அப்படித்தான் பார்க்கிறார். இத்தனை சத்தம் அதற்கு எதற்கு?

பெரியப்பா: சத்தம் என்று நீ சொல்வதை நான் உழைப்பு என்பேன். ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிமை அதன் ஓரத்துத் துளைகளில் எட்டுத் துளை தூரம் இழுத்து, ஷட்டரின் வில்லை முறுக்கி, அடுத்த படத்துக்கு எல்லாவற்றையும் ஆயத்தமாக்கி நிறுத்த வேண்டும். இதை விநாடிக்கு மூன்றரை முறை செய்ய வேண்டும் என்றால், உலோகப் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு மெதுவாகவா சுற்றும்? உன் பெரியம்மாவின் கிரைண்டர் மௌனமாகவா மாவு ஆட்டுகிறது?

கயல்விழி: கிரைண்டரை யாரும் மணவறைக்குத் தூக்கி வருவதில்லை. பேட்டரியையும் சேர்த்தால் அரைக் கிலோவுக்கு மேல் கனக்கும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, மேலே இருக்கும் ஃபிலிம் சுற்றும் லீவரைக் கட்டைவிரலால் தள்ளினால் என்ன?

பெரியப்பா: அங்கேதான் என் துயரம் இருக்கிறது. மோட்டார் இல்லாமல் இந்தக் கேமராவில் படம் எடுக்க லீவரைச் சற்று வெளியே இழுத்து வைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரும் விழிக்காது, பொத்தானும் இறங்காது. நானோ இடக் கண்ணால் பார்க்கிறவன். இழுத்து வைத்த லீவர் நேராக என் நெற்றியில் வந்து குத்துகிறது. மோட்டாரைப் பூட்டிவிட்டால் லீவரை மூடியே வைத்துக்கொண்டு மோட்டாரின் பொத்தானை அழுத்தலாம்.

கயல்விழி: ஆக, உங்கள் நெற்றியைக் காப்பாற்ற ஊரார் காதைக் கொடுக்க வேண்டும். சரி, ஒரு கம்பளி மப்ளரைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

பெரியப்பா: சிரிக்காதே, சினிமாவில் அதைத்தான் செய்தார்கள். வசனம் பதிவாகும்போது ஷட்டர் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக, உள்ளே பஞ்சுமெத்தை வைத்த பெட்டிக்குள் ஸ்டில் கேமராவை அடைத்து எடுப்பார்கள். அதற்குப் பெயர் பிளிம்ப். அதை மாட்டிக்கொண்டு நான் மணவறைக்கு வந்தால், கேமராவுக்கு இன்குபேட்டர் வைத்திருக்கிறேன் என்று உன் மாமனார் நினைப்பார்.

கயல்விழி: பேட்டரி விஷயத்துக்கு வருவோம். அதற்கு எட்டுப் பென்சில் பேட்டரி வேண்டும் அல்லவா? நேற்றிலிருந்து இந்த வீட்டில் ரிமோட் வேலை செய்யவில்லை, சுவர்க் கடிகாரம் நான்கு இருபதில் நிற்கிறது. முகூர்த்த நேரம் குறித்துக்கொள்ள வந்த புரோகிதர் அதைப் பார்த்துவிட்டு ராகுகாலம் முடியட்டும் என்று காத்திருந்தார்.

பெரியப்பா: (பேச்சை மாற்றி) கெட்டிமேளம் எதற்கு வாசிக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா?

கயல்விழி: தாலி கட்டும் நேரத்தில் தும்மல், அழுகை, அபசகுனமான பேச்சு எதுவும் காதில் விழக் கூடாது என்பதற்காக.

பெரியப்பா: அந்தப் பட்டியலில் என் மோட்டாரையும் சேர்த்துக்கொள். இரண்டு தவிலும் இரண்டு நாகஸ்வரமும் உச்சத்தில் இருக்கும்போது மோட்டார் உறுமினால், வைத்துக்கொண்டிருக்கிற எனக்கே கேட்காது.

கயல்விழி: (யோசித்து) நியாயமாகத்தான் இருக்கிறது. கெட்டிமேளம் தொடங்கும்போது தொடங்கி, முடியும்போது முடித்துவிட வேண்டும். ஒரு ரோல் எவ்வளவு நேரம் வரும்?

பெரியப்பா: முப்பத்தாறு படம், விநாடிக்கு மூன்றரை. பத்து விநாடிக்குச் சற்று மேலே வரும்.

கயல்விழி: பத்து விநாடியில் முதல் முடிச்சே விழாது! மூன்றாவது முடிச்சைப் போடுகிறவர் என் நாத்தனார். அவர் மட்டும் படத்தில் இல்லையென்றால் நான் அந்த வீட்டில் எப்படி வாழ்வேன்? உடனே ரோலை மாற்ற முடியாதா?

பெரியப்பா: இந்த மோட்டாருக்கு முன்னே சுற்றத்தான் தெரியும். முடிந்த ரோலைப் பின்னே சுற்றுவது என் கை. அதுவரை மேளக்காரர் நிறுத்தாமல் வாசித்தால்...

கயல்விழி: வேண்டாம். 'எஸ்' என்று ஒரு நிலை இருப்பதாகச் சொன்னீர்களே, அதில் வையுங்கள். ஓர் அழுத்தலுக்கு ஒரு படம், ஒரு முடிச்சுக்குப் பன்னிரண்டு. பேட்டரி எட்டும் அதுவரை என்னிடமே இருக்கட்டும். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் தவில்காரர் மூலம் அனுப்பிவைக்கிறேன்.

(பேட்டரிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒன்றைச் சுவர்க் கடிகாரத்தில் போடுகிறாள். கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இருவரும் சற்று நேரம் அதைக் கேட்கிறார்கள்.)

பெரியப்பா: டிக், டிக் என்று இது நாள் முழுக்கக் கத்துகிறது. இதை மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.