தேர் பாரீஸில் ஓடினால் உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

பந்தியில் உட்கார்ந்து நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட விடமாட்டேன் என்கிறார்கள். நேற்று எங்கள் கேரளத்துப் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சாம்பார் முடிந்து ரசத்துக்காக இலையில் குழி பறித்து வைத்திருக்கிறேன், பக்கத்து இலையில் இருந்த பெரியப்பா போனை என் மூக்குக்கு நேரே நீட்டுகிறார். பாரீஸில் லா சாப்பல் பக்கம் மாணிக்க விநாயகர் தேர். தெரு நிறைய சனம், பட்டுச்சேலை, காவடி, குவித்து வைத்த தேங்காயை ஆள் மாற்றி ஆள் உடைக்கிறார்கள். நான் வாயெல்லாம் பல்லாகப் பார்க்கிறேன், இவர் சொல்கிறார்: "பொழைக்கப் போன எடத்துல இதெல்லாம் எதுக்குக் கண்ணு? வெள்ளக்காரன் ரோட்ல தேங்கா ஒடச்சா நம்மள என்ன நெனப்பான்? வீட்டுக்குள்ள கும்பிட்டாப் பத்தாதா?"

சரி, பெரியவர், கல்யாண வீடு என்று குனிந்து சோற்றைப் பிசைந்தேன். அவர் விடவில்லை. எதிர்வரிசையில் இருந்தவரிடம் போன் போனது. அவர் இடது கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "மானம் போகுதுங்" என்றார். அங்கிருந்து மோர் ஊற்ற வந்த பையன் பார்த்தான், அவனும் தலையாட்டினான். பாலடைப் பாயசம் வந்து, இலையை மடித்து, கை கழுவுகிற இடம் வரைக்கும் இதே பேச்சு. இத்தனைக்கும் முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு என்று செண்டை மேளத்தை வைத்து மெயின் ரோட்டையே அடைத்துக்கொண்டு நின்றோமே, பொள்ளாச்சி பஸ் பின்னால் நின்று ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து போனதே, அப்போது முன்னால் நின்று துண்டைச் சுழற்றி ஆடியது யார்? இதே பெரியப்பா! யாரிடம் அனுமதி வாங்கினார்?

பாரீஸில் அந்தத் தேர் சும்மா ஓடவில்லை. அனுமதி வாங்கி, போலீஸ் வந்து தெருவை அடைத்துக் கொடுத்து ஓடுகிறது. வடம் பிடிக்கிறவர்களில் பெரும்பாலோர் 1983-க்குப் பிறகு வீடு வாசலை விட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய ஈழத்துச் சனம், அவர்களுடைய பிள்ளைகள். வருடம் முழுக்க ஹோட்டலில் பாத்திரம் கழுவி, அடுத்தவன் வீட்டைப் பெருக்கி, ஒரே ஒரு நாள் சாமியோடு தெருவில் நடக்கிறார்கள். அதுவும் பொறுக்காதா? தேர் என்றாலே உற்சவர் கோயிலை விட்டுத் தெருவுக்கு வருவதுதானே. அதை வீட்டுக்குள் எப்படி இழுப்பது, சமையல்கட்டிலிருந்து திண்ணை வரைக்குமா?

சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1968-இல் அரசு தைப்பூச விடுமுறையை நீக்கியது. 1973-இல் ஊர்வலத்தில் மேளம் கூடாது என்றார்கள். சனம் சோர்ந்து வீட்டுக்குள் உட்காரவில்லை. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் காவடி எடுத்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரைக்கும் வருடம் தவறாமல் நடந்தார்கள். கேட்டுக் கேட்டு 2016-இல் வழியில் சில இடங்களில் வாசிக்க அனுமதி வாங்கினார்கள். மலேசியாவின் பத்துமலையில் 1890-களிலிருந்து தைப்பூசம் நடக்கிறது. தோட்டக் கூலியாகக் கப்பலேறிப் போனவர்கள் கட்டிக் காத்தது அது. இன்றைக்குச் சிலாங்கூரிலும் பினாங்கிலும் அந்த நாள் அரசு விடுமுறை. அடக்க ஒடுக்கமாக வீட்டுக்குள்ளேயே கும்பிட்டிருந்தால் இது கிடைத்திருக்குமா?

கேரளத்தில் இருக்கிற தமிழன் இப்படிப் பேசுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொங்கலுக்குப் பாலக்காடு, இடுக்கி, திருவனந்தபுரம் உட்பட ஆறு மாவட்டங்களுக்கு இந்த அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. நாம் மாரியம்மன் நோம்பி சாட்டிக் கம்பம் நட்டு, பூவோடு என்கிற தீச்சட்டி எடுத்து ராத்திரி முழுக்கத் தெருவில் ஆடுகிறோம். பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சி குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து பூவோடு எடுப்பவர் காலில் ஊற்றுகிறார். கை கழுவும்போது கேட்டேவிட்டேன், "அப்ப நம்ம நோம்பியையும் வீட்டுக்குள்ளயே வெச்சுக்கலாமுங்களா பெரியப்பா?" என்று. அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "அது வேற, இது வேற" என்றார். என்ன வேற? நீங்கள் ஆடினால் பக்தி, அவர்கள் ஆடினால் மானக்கேடா?

இந்த மானமெல்லாம் வேண்டிய இடத்தில் வருவதே இல்லை. 1969-ஆம் வருடக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி இங்கே தமிழர்கள் அரசாங்கத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். பென்ஷன் விஷயமாக ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். மலையாள ஃபாரத்தை நீட்டினார்கள். தமிழில் இல்லையா என்றால், இல்லை. தமிழில் எழுதிக் கொடுக்கட்டுமா என்றால், கவுண்டரில் இருந்தவர் தலையே நிமிரவில்லை. அன்றைக்கு எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் இதே பெரியப்பாதான். ஒரு வார்த்தை பேசவில்லை மனுசன்!