குரூப் எடுத்த பிறகு வருகிற கேள்வி

காட்பாடியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு எனக்கு மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்குத்தான். இன்ஜினியரிங், நர்சிங், ஆர்ட்ஸ் காலேஜ், பாலிடெக்னிக் என்று எல்லா அப்ளிகேஷனும் இங்கேதான் போடுகிறார்கள். மார்க் ஷீட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு, மடித்துவிடாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வரும் அம்மாக்களிடம் "பாப்பா என்ன படிக்கப் போகுது?" என்று கேட்டால் பாதிப் பேர் சொல்லும் பதில், "நீயே பாத்து நல்லதா ஒண்ணு போடுப்பா." ஜெராக்ஸ் எடுக்கிறவன் கையில் ஒரு பிள்ளையின் எதிர்காலம்! பயமாகத்தான் இருக்கிறது.

போன வருஷம் ஒரு பொண்ணு வந்தாள். பிளஸ் டூவில் நல்ல மார்க், ஆசை பி.எஸ்ஸி நர்சிங். மார்க் ஷீட்டைப் பார்த்தால் காமர்ஸ் குரூப். பயாலஜி இல்லாமல் பி.எஸ்ஸி நர்சிங்குக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்று சொன்னபோது அவள் அழவில்லை, "பத்தாவது முடிச்சப்ப பயாலஜி குரூப்ல சீட் இல்லைன்னாங்கண்ணா, இதுவும் நல்ல குரூப்தான்னு சொன்னாங்க" என்றாள். சொன்னவர் பொய் சொல்லவில்லை, நல்ல குரூப்தான். ஆனால் இந்தக் கதவைத் திறந்தால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும் என்பதை யாருமே அவளுக்குச் சொல்லவில்லை, பதினைந்து வயசுப் பிள்ளைக்கு அது தானாகத் தெரியவா போகிறது?

இன்னொரு அம்மா. பையன் எட்டாவது வரை அரசுப் பள்ளி, பத்தாவதில் நல்ல மார்க் வரட்டும் என்று கடன் வாங்கி இரண்டு வருஷம் மட்டும் தனியாரில் சேர்த்தார், பிளஸ் ஒன்னுக்குத் திரும்பவும் அரசுப் பள்ளி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு (மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, இன்ஜினியரிங் போன்றவற்றுக்கு 2021இல்) ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு. அதில் இன்ஜினியரிங் சேர்ந்தால் பீஸையும் அரசே கட்டுகிறது. கடன் வாங்கிக் கட்டிய பணம் போனதோடு இதுவும் போச்சு. அவரிடம் இதைச் சொல்லிவிட்டு அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பிளஸ் டூ பிள்ளைகளை மைதானத்தில் உட்காரவைத்து மைக்கில் இரண்டு மணி நேரம் வழிகாட்டுவது ரொம்ப லேட். 2022இல் மாணவர்களுக்கு வழிகாட்ட அரசின் நான் முதல்வன் திட்டம் வந்தது நல்ல விஷயம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எட்டாவது ஒன்பதாவதிலேயே பிள்ளைகளுக்கு வேலை என்றால் என்ன என்று கண்ணால் காட்ட வேண்டும். பேச்சாளரே வேண்டாம் (மன்னிக்கவும், கனவு காணுங்கள் என்று கத்திவிட்டு சால்வையோடு போகிறவர்களைத்தான் சொல்கிறேன்). வேலை செய்கிறவர்களைக் கூப்பிடுங்கள்.

நம்ம ஊரில் ஆளுக்கா பஞ்சம்? வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி வாசலைத் தினமும் தாண்டிப் போகிற பிள்ளையைக் கேட்டால் டாக்டர், நர்ஸ், இரண்டோடு நின்றுவிடும். ரத்தம் பரிசோதிக்கிற லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே எடுக்கிறவர், டயாலிசிஸ் மெஷின் ஓட்டுகிறவர், அந்த மெஷின் கெட்டால் ரிப்பேர் பார்க்கிறவர், இவர்களெல்லாம் என்ன படித்தார்கள்? ஆம்பூரில் அப்பா ஷூ கம்பெனிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கே, லெதர் டெக்னாலஜி என்று அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒரு பி.டெக் இருப்பது தெரியாது. ஐடிஐ முடித்தால் நேராக டிப்ளமோ இரண்டாம் வருஷம், டிப்ளமோ முடித்தால் நேராக பி.இ. இரண்டாம் வருஷம் என்ற ஏணி இருப்பதும் தெரியாது. பத்தாவதில் மார்க் குறைந்தால் கதை முடிந்தது என்று வீட்டில் ஒப்பாரிதான்.

சரி, அந்த நர்சிங் பொண்ணு. இப்போது பி.காம் படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. போன வாரம் எட்டாவது படிக்கும் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு ஏதோ பிரிண்ட் எடுக்க வந்தாள். சின்னதிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். பாகாயத்தில் சிஎம்சியின் மறுவாழ்வு மையம் இருக்கிறதே, 1966இல் ஆரம்பித்தது, அதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே ஆபரேஷன் செய்தவர் என்று சொன்னேன். அங்கே செயற்கைக் கால் செய்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தக் கால் எதுல செய்வாங்கண்ணா, மரத்துலயா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. கியூவில் ஆறு பேர் நின்றிருந்தார்கள், அவர்களை இருக்கச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து தேடிப் பார்த்தோம்.